பிழைப் பக்கமும் ஒரு பதில்தான்: ஸ்கிரிப்டுக்குள் வெப் கோரிக்கை தோற்கும்போது என்ன நடக்கிறது

இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகக் கிளப்பும் வசதி) மூலம் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒரு சர்வரிலிருந்து ஜேசான் (தரவைப் புலம் புலமாக எழுதும் உரை வடிவம்) கோப்பு ஒன்றை கர்ல் வழியாக இறக்கி, பழைய கோப்பின் மேல் எழுதிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜேசான் இல்லை, 502 பேட் கேட்வே என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு எச்டிஎம்எல் பக்கம் இருந்தது. பழைய, சரியான தரவு போய்விட்டது. ஸ்கிரிப்டின் லாகைப் பார்த்தால் ஒவ்வொரு இரவும் வெற்றி, எக்ஸிட் கோடு 0 (கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண் இது, 0 என்றால் வெற்றி, மற்றவை தோல்வி). கர்ல் பொய் சொல்லவில்லை, அது என்ன சொல்கிறது என்று நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை என்பதால், அடிப்படையிலிருந்தே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

கர்ல் என்பது தரவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் கருவி. டேனியல் ஸ்டென்பெர்க் 1998 மார்ச்சில் அந்தப் பெயரில் வெளியிட்டதிலிருந்து அதன் பார்வை அதுதான்: சர்வரைத் தொடர்புகொண்டேனா, கேள்வியை அனுப்பினேனா, வந்த பதிலை முழுசாக வாங்கிக் கொடுத்தேனா. இந்த மூன்றும் நடந்தால் வேலை முடிந்தது, எக்ஸிட் கோடு 0. அந்தப் பதிலில் '404, அப்படி ஒன்று இங்கே இல்லை' என்று எழுதியிருந்தாலும் சரி, '500, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது' என்று எழுதியிருந்தாலும் சரி, பதில் பதில்தான். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது அவர் பொறுப்பில்லை. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பிழைப் பக்கத்தின் உள்ளடக்கத்தையே படிக்க வேண்டிய ஸ்கிரிப்டுகளும் உண்டு. ஆனால் 'பதில் வந்தது' என்பதும் 'கேட்டது கிடைத்தது' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஸ்கிரிப்ட் எழுதும் நாம் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துப் பதில் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னும் சரியாகச் சொன்னால் கேள்விகள் மூன்று. நெட்வொர்க் அளவில் பேச்சே நடந்ததா என்பது ஒன்று, இதற்குக் கருவியின் எக்ஸிட் கோடு பதில் சொல்லும். சர்வர் ஒப்புக்கொண்டதா மறுத்ததா என்பது அடுத்தது, இதைப் பதிலோடு வரும் 404, 500 போன்ற எண், அதாவது எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடு, சொல்லும். கையில் வந்த உள்ளடக்கம் நாம் கேட்டதுதானா என்பது மூன்றாவது, இதை நாமே திறந்து பார்த்தால்தான் உண்டு. எந்தக் கருவியாலும் மூன்றாவதை நமக்காகப் பார்க்க முடியாது.

முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க கர்லில் ஃபெயில் என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஸ்டேட்டஸ் கோடு 400 அல்லது அதற்கு மேல் வரும்போது கர்ல் 22 என்ற எக்ஸிட் கோடுடன் வெளியேறும், பிழைப் பக்கத்தைக் கோப்பில் எழுதாது. என்னுடைய அந்த ஸ்கிரிப்டில் இந்த ஒரே சொல் இருந்திருந்தால் பழைய தரவு பிழைத்திருக்கும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 301, 302 போன்ற திசைமாற்றங்கள் 400க்குக் கீழே இருப்பதால் ஃபெயில் அவற்றைத் தோல்வியாக எண்ணாது. முகவரி மாறிவிட்டது என்று சர்வர் சொல்லியும், லொக்கேஷன் ஆப்ஷன் கொடுக்காததால் கர்ல் பின்தொடராமல் நின்று, கையில் வெறும் கோப்பையோ இரண்டு வரி எச்டிஎம்எல்லையோ கொடுத்துவிட்டு 0 என்று சொல்லும். அப்புறம், பயனர் பெயர், கடவுச்சொல் சம்பந்தப்பட்ட 401, 407 ஆகியவை சில சமயம் ஃபெயிலையும் தாண்டி நழுவிவிடும் என்று கர்லின் கையேடே எச்சரிக்கிறது. இன்னொரு சிக்கல், ஏபிஐக்கள், அதாவது நிரல்களோடு பேசுவதற்கென்றே சர்வர் வைத்திருக்கும் வாசல்கள், பெரும்பாலும் என்ன தப்பு என்ற விவரத்தைப் பிழைப் பதிலின் உள்ளடக்கத்தில்தான் எழுதி அனுப்பும், ஃபெயில் அதைத் தூக்கி எறிந்துவிடும். இதற்காகவே 2021ல் 7.76.0 பதிப்பில் ஃபெயில்-வித்-பாடி என்ற ஆப்ஷன் வந்தது: எக்ஸிட் கோடு 22 வரும், உள்ளடக்கமும் கிடைக்கும். ஏபிஐயோடு பேசும் ஸ்கிரிப்டுகளில் நான் இப்போது இதைத்தான் போடுகிறேன், உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்புக்குத் திருப்பிவிட்டு.

கர்லைப் போலவே கோப்புகளை இறக்கப் பயன்படும் டபிள்யூகெட்டின் போக்கு வேறு. சர்வர் பிழைக் கோடு அனுப்பினால் அது தானாகவே 8 என்ற எக்ஸிட் கோடுடன் வெளியேறும், நெட்வொர்க் கோளாறு என்றால் 4, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் சரியில்லை என்றால் 5. இந்த விஷயத்தில் அது பாதுகாப்பானது. ஆனால் பெரிய ஓ என்ற எழுத்தால் வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்கும்போது, அது முதல் வேலையாக அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் சர்வரிடமே போகும். கோரிக்கை தோற்றால் எக்ஸிட் கோடு ஒழுங்காக 8 என்று வரும், கோப்போ பூஜ்யம் பைட்டுடன் அங்கே உட்கார்ந்திருக்கும். அடுத்த ஸ்கிரிப்ட் 'கோப்பு இருக்கிறதா' என்று மட்டும் பார்த்தால், இருக்கிறது.

கர்லின் எக்ஸிட் கோடுகளில் சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். 6 என்றால் அந்தப் பெயருக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை, அதாவது டிஎன்எஸ் பிரச்சினை அல்லது பெயரில் எழுத்துப்பிழை. 7 என்றால் முகவரி தெரிந்தது, ஆனால் இணைப்பு கிடைக்கவில்லை, பெரும்பாலும் அங்கே சர்வர் ஓடவில்லை அல்லது ஃபயர்வால் நிராகரிக்கிறது. 28 என்றால் டைம்அவுட். 35 என்றால் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் கைகுலுக்கல் முறிந்தது, 60 சான்றிதழை நம்ப முடியவில்லை. 18 வந்தால் பாதிக் கோப்புதான் வந்திருக்கிறது, 52 என்றால் இணைப்பு கிடைத்தும் சர்வர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மூடிவிட்டது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைக் கூப்பிட வேண்டிய பிரச்சினைகள். 60 வந்தால் மறுபடி மறுபடி முயன்று பயனில்லை, சான்றிதழ் தானாகச் சரியாகப் போவதில்லை. அதை மறைக்க இன்செக்யூர் ஆப்ஷனைப் போட்டுவிட்டு நகர்வதைப் பல ஸ்கிரிப்டுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், எதிரே இருப்பது யார் என்ற கேள்வியையே அது நீக்கிவிடுகிறது.

சரி, கருவி ஒழுங்காகத் தோல்வியைச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறதா? இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் ஸ்கிரிப்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கர்லின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் குழாய்) மூலம் ஜேசானைப் படிக்கும் கருவியான ஜேக்யூவுக்கு அனுப்புகிறோம். பைப்பில் கோர்த்த கட்டளைகளுக்கு ஷெல் சொல்லும் எக்ஸிட் கோடு கடைசிக் கட்டளையுடையது மட்டுமே. கர்ல் 22 என்று கத்திவிட்டுச் செத்துப்போகும், ஜேக்யூவுக்கு வெறும் உள்ளீடு வரும், வெறும் உள்ளீட்டுக்கு அது ஒன்றும் அச்சிடாமல் 0 என்று முடிக்கும். மொத்த வரிக்கும் வெற்றி! இதைத் தடுக்க பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே போட வேண்டும், அப்போது நடுவில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வியாகும். பாஷ் என்ற ஷெல்லில் பல காலமாக இருந்த இது ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2024 பதிப்பிலும் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று இதைவிட நுணுக்கமானது. ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று மாறியை அறிவிக்கும் அதே வரியிலேயே கர்லை ஓட்டி அதன் வெளியீட்டை அந்த மாறியில் வாங்கினால், அந்த வரியின் எக்ஸிட் கோடு கர்லுடையது அல்ல, லோக்கல் என்ற கட்டளையுடையது. மாறியை அறிவிப்பது வெற்றிகரமாக முடிந்தது, ஆகவே 0. பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் ஈ போட்டிருந்தாலும் இங்கே அது எழுந்திருக்காது. முதல் வரியில் லோக்கல், அடுத்த வரியில் கர்ல் என்று பிரித்து எழுதினால் போதும், பிரச்சினை தீர்ந்தது. செட் ஈயைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு ஃபங்ஷனை இஃப் நிபந்தனைக்குள் வைத்து அழைத்தால், அந்த ஃபங்ஷனின் உள்ளே முழுக்க செட் ஈ வேலை செய்யாது. அதை நம்பி எழுதிய பாதுகாப்பு, அழைக்கும் விதம் மாறிய ஒரே காரணத்தால் காணாமல் போய்விடும். அதனால் முக்கியமான கோரிக்கைக்கு நான் செட் ஈயை நம்புவதில்லை, எக்ஸிட் கோடை உடனே ஒரு மாறியில் வாங்கி நேரடியாகப் பார்க்கிறேன்.

தோல்வியே வராமல் தொங்கிக்கொண்டே இருப்பது இன்னும் மோசம். கர்லுக்கு மொத்த நேர வரம்பு என்று இயல்பாக எதுவும் கிடையாது. இணைப்பு ஏற்பட மட்டும் 5 நிமிடம் வரை காத்திருக்கும், இணைந்த பிறகு சர்வர் மௌனமாக இருந்தால் அதுவும் பொறுமையாகவே இருக்கும். டபிள்யூகெட்டில் தரவு வராமல் காத்திருக்கும் வரம்பு 900 விநாடி, இயல்பான முயற்சிகளின் எண்ணிக்கை 20. ஒவ்வொரு முறையும் சர்வர் இணைந்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் இருந்தால் கணக்குப்படி 5 மணி நேரம் ஓடும். மணிக்கு ஒரு முறை க்ரான் அதே ஸ்கிரிப்டைக் கிளப்பிக்கொண்டிருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பிரதிகள் நிற்கும், எல்லாம் ஒரே கோப்பில் எழுதக் காத்துக்கொண்டு. ஆகவே கனெக்ட்-டைம்அவுட்டும் மேக்ஸ்-டைமும் கொடுக்காத கர்ல் வரியை முடிக்காத வரியாகவே நான் எண்ணுகிறேன். இணைப்புக்கு 5 அல்லது 10 விநாடி தாராளம். மொத்த நேரம் கோப்பின் அளவைப் பொறுத்தது. பெரிய கோப்புகளுக்கு மொத்த நேரத்தைக் கணிப்பது கஷ்டம், அங்கே ஸ்பீட்-லிமிட், ஸ்பீட்-டைம் என்ற ஜோடி நன்றாக உதவும்: விநாடிக்கு இத்தனை பைட்டுக்குக் கீழே இத்தனை விநாடி தொடர்ந்து போனால் விட்டுவிடு என்று சொல்லலாம். மெதுவாக வந்தாலும் வந்துகொண்டிருக்கும் இறக்கத்தை அது வெட்டாது, நின்றுபோனதை மட்டும் வெட்டும். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு பிரதியாக ஓடாமல் இருக்க பூட்டுப் போடும் எஃப்லாக் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.

இனி ரீட்ரை. தோற்றால் மறுபடி முயல்வது இயல்பான எண்ணம்தான், ஆனால் எது தோற்றது என்று பார்க்காமல் முயல்வது வீண் வேலை, சில நேரம் ஆபத்து. 404க்கும் 400க்கும் மறுமுயற்சி அர்த்தமற்றது, கேள்வியே தப்பு, பத்து முறை கேட்டாலும் அதே பதில். 429, 502, 503, 504 இவை வேறு ஜாதி, கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. கர்லின் ரீட்ரை ஆப்ஷன் இந்தப் பாகுபாட்டைத் தானே செய்கிறது: டைம்அவுட், 408, 429, 500, 502, 503, 504 போன்றவற்றுக்கு மட்டும் மறுபடி முயலும். முதலில் 1 விநாடி காத்திருக்கும், பிறகு 2, 4, 8 என்று இரட்டிப்பாகும், 10 நிமிடத்தை எட்டினால் அதற்கு மேல் கூடாது. ரீட்ரை 5 என்று கொடுத்தால் காத்திருப்பு மட்டும் மொத்தம் 31 விநாடி, 10 என்று கொடுத்தால் 17 நிமிடம் ஆகிவிடும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பெரிய எண்ணை எழுதிவிடாதீர்கள். மேக்ஸ்-டைம் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாகத் தொடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும், மொத்தத்துக்கும் சேர்த்து வரம்பு வேண்டுமென்றால் அதற்கு ரீட்ரை-மேக்ஸ்-டைம் தனியாக இருக்கிறது. சர்வரே பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் என்ற தலைப்பு வரியில் 'இத்தனை விநாடி கழித்து வா' என்று சொல்லியிருந்தால், 2019ல் வந்த 7.66.0 முதல் கர்ல் அதை மதிக்கிறது.

ஒரு முக்கியமான கண்ணி இங்கே இருக்கிறது. ரீட்ரை கொடுத்து ஃபெயில் கொடுக்காமல் விட்டால், எல்லா முயற்சியும் 503ல் முடிந்தாலும் கடைசியில் வரும் எக்ஸிட் கோடு 0தான். மறுமுயற்சி செய்யத் தகுந்த தோல்வி என்று கர்லுக்கு உள்ளே தெரிந்திருந்தும், நாம் கேட்காததால் அது நம்மிடம் சொல்லாது. இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

இணைப்பு மறுக்கப்படுவதை, அதாவது 7ஐ, ரீட்ரை இயல்பாக எண்ணாது, அதற்கு ரீட்ரை-கனெக்ட்ரெஃப்யூஸ்ட் வேண்டும். இப்போதுதான் கிளப்பிய சர்வர் எழுந்துவரும்வரை காத்திருக்க வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கு இது அருமையான வசதி. எந்தப் பிழை வந்தாலும் முயல் என்று சொல்ல ரீட்ரை-ஆல்-எரர்ஸ் உண்டு, அதை நான் யோசித்துத்தான் தொடுவேன். காரணம், பாதி இறங்கிய பிறகு இணைப்பு அறுந்தால், கோப்பின் பெயரை ஆப்ஷனாகக் கொடுத்திருந்தால் கர்ல் அந்தப் பாதியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கும். ஆனால் வெளியீட்டைப் பைப்பிலோ ஷெல்லின் அம்புக்குறியாலோ திருப்பியிருந்தால், போனது போனதுதான், கர்லால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. முதல் முயற்சியின் பாதியும் இரண்டாவது முயற்சியின் முழுசும் ஒட்டிக்கொண்டு ஒரே கோப்பாகிவிடும். அதற்கு எக்ஸிட் கோடு 0 வேறு!

கேட்பதற்கும் செய்யச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ரீட்ரை ஆப்ஷன் பார்ப்பதில்லை. தரவைக் கேட்க மட்டும் செய்யும் கெட் கோரிக்கையைப் பத்து முறை அனுப்பினாலும் சர்வரில் ஒன்றும் மாறாது. ஒன்றை வைக்கச் சொல்லும் புட்டும் நீக்கச் சொல்லும் டெலிட்டும்கூட எச்டிடிபி தரத்தின்படி பல முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவைத்தான் தர வேண்டும். ஒரு செயலைச் செய்யச் சொல்லி அனுப்பும் போஸ்ட் அப்படியில்லை. டைம்அவுட் என்றால் நமக்குப் பதில் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், சர்வர் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பணத்தை அனுப்பிவிட்டு, 'அனுப்பிவிட்டேன்' என்ற பதில் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போஸ்ட் செய்தால் இரண்டு முறை பணம் போகும். பல கட்டண ஏபிஐக்கள் ஐடெம்பொட்டென்சி-கீ என்ற தலைப்பை ஏற்றுக்கொள்வது இதற்காகத்தான், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி அடையாளத்தைக் கொடுத்து, மறுமுயற்சியிலும் அதே அடையாளத்தை அனுப்பினால் சர்வர் 'இதை ஏற்கெனவே செய்துவிட்டேன்' என்று கண்டுகொள்ளும். அந்த வசதி இல்லாத ஏபிஐ என்றால், போஸ்ட் டைம்அவுட் ஆனதும் முயலாதீர்கள், முதலில் நிலவரத்தை ஒரு கெட் மூலம் கேளுங்கள்.

காத்திருப்பை இரட்டிப்பாக்கும் யோசனை வெப்பைவிடப் பழையது. ஒரே கேபிளில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று 1970களில் ஈதர்நெட்டை வடிவமைத்தவர்கள் யோசித்தபோது கிடைத்த தீர்வு இது, அதில் இன்னொரு பாதியும் உண்டு: காத்திருக்கும் நேரத்தைக் குலுக்கிப் போட வேண்டும். இருவரும் சரியாக 2 விநாடி காத்திருந்தால் சரியாக 2 விநாடி கழித்து மறுபடி மோதுவார்கள். நம் ஸ்கிரிப்டுகளுக்கும் இதே கதைதான். க்ரானில் எல்லோரும் சரியாகப் பூஜ்யமாவது நிமிடத்தில்தான் வேலையை வைக்கிறோம், நூறு இயந்திரங்கள் ஒரே விநாடியில் போய்த் தட்டும், சர்வர் 503 சொல்லும், நூறும் 1 விநாடி கழித்து ஒன்றாகத் திரும்பி வரும். பாஷில் ரேண்டம் என்ற மாறி 0 முதல் 32767 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தரும், அதை 60ஆல் வகுத்த மீதியை எடுத்து அத்தனை விநாடி ஸ்லீப் கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும். அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதுங்கள், க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேப் வரியிலேயே எழுதினால், மீதியை எடுக்கப் பயன்படும் சதவீதக் குறியை க்ரான் புதுவரியாக எடுத்துக்கொள்ளும்.

மறுமுயற்சிகள் அடுக்கடுக்காகப் பெருகுவதையும் பார்க்க வேண்டும். கர்லில் 3 மறுமுயற்சி, அதைச் சுற்றி நாம் எழுதிய லூப்பில் 3, அதற்கும் வெளியே வேலையைக் கிளப்பும் அமைப்பில் 3 என்றால், முதல் முயற்சியையும் சேர்த்து ஒவ்வோர் அடுக்கிலும் 4, மொத்தம் 64 கோரிக்கைகள். ஏற்கெனவே மூச்சு திணறும் சர்வருக்கு ஒரே ஸ்கிரிப்ட் தரும் பாரம் இது. ஓர் அடுக்கில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 200 வந்தது, எக்ஸிட் கோடு 0, அப்படியும் உள்ளே தப்பான பொருள் இருக்கலாம். அமர்வு காலாவதியானதால் லாகின் பக்கத்துக்குத் திருப்பப்பட்டு, லொக்கேஷன் ஆப்ஷனும் கொடுத்திருந்தால், அந்த லாகின் பக்கம் 200 என்ற கோடுடன் ஒழுங்காக வந்து இறங்கும். பொது வைஃபையின் நுழைவுப் பக்கமும் அப்படித்தான். சில ஏபிஐக்கள் பிழையையே 200க்குள் வைத்து அனுப்புகின்றன. ஆகவே வந்ததை ஒரு தற்காலிகக் கோப்பில் இறக்க வேண்டும், அது காலியாக இல்லையா என்று பார்க்க வேண்டும், ஜேசான் என்றால் ஜேக்யூவைக் கொண்டு நமக்குத் தேவையான புலம் அதில் உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்க வேண்டும், செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) கிடைத்தால் ஒப்பிட வேண்டும். எல்லாம் சரியென்றால் மட்டும் கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளையால் பழைய கோப்பின் இடத்தில் வைக்க வேண்டும். தற்காலிகக் கோப்பு அதே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் அந்த மாற்றம் ஒரே நொடிப்பில் முழுசாக நடக்கும், கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்களுக்குப் பழையது தெரியும் அல்லது புதியது தெரியும், பாதி ஒருபோதும் தெரியாது. நான் பட்ட அடிக்கு மருந்து இதில்தான் இருந்தது. ஃபெயில் இல்லாமலே இருந்திருந்தாலும், இந்த ஒரு பழக்கம் அந்த 502 பக்கத்தை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

தோற்றதை யாரிடமாவது சொல்லவும் வேண்டும். சைலன்ட் ஆப்ஷன் முன்னேற்றப் பட்டையை மட்டும் மறைப்பதில்லை, பிழைச் செய்தியையும் சேர்த்து விழுங்கிவிடும், அதனால் ஷோ-எரர் ஆப்ஷனையும் கூடவே கொடுங்கள். லாகில் 'தோல்வி' என்று மட்டும் எழுதாமல், எந்த முகவரி, எக்ஸிட் கோடு என்ன, ஸ்டேட்டஸ் கோடு என்ன, எத்தனை விநாடி ஆனது என்று எழுதினால், மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு வேலை பாதி குறையும். ரைட்-அவுட் ஆப்ஷன் இவற்றையெல்லாம் தரும், பதிலே வராதபோது ஸ்டேட்டஸ் கோடின் இடத்தில் 000 என்று போடும். முகவரிக்குள் ரகசியச் சாவி எதுவும் இருந்தால் லாகில் போகும்முன் அதை மட்டும் நீக்கிவிடுங்கள்.

இதையெல்லாம் எழுதிய பிறகு சோதித்துப் பார்ப்பது நினைப்பதைவிட எளிது. இன்வேலிட் என்று முடியும் பெயர்கள் எங்கேயும் பதிவாகக் கூடாது என்று 1999லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அப்படி ஒரு பெயரைக் கொடுத்தால் 6 வரும். உங்கள் இயந்திரத்திலேயே யாரும் கேட்காத ஒரு போர்ட்டைக் கொடுத்தால் 7. வரும் இணைப்பை வெறுமனே ஏற்கும் சின்னக் கருவியான நெட்கேட்டை ஒரு போர்ட்டில் கேட்கவைத்து, ஒன்றும் பேசாமல் விட்டால் மேக்ஸ்-டைம் கழித்து 28, காத்திருக்கும்போதே நெட்கேட்டைக் கொன்றுவிட்டால் பெரும்பாலும் 52. அந்த நெட்கேட்டின் வாயில் 503 என்று ஒரு வரி பதிலைக் கையால் ஊட்டிவிட்டால் 22 வருகிறதா என்றும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் ஓட்டிய பிறகு, பழைய கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.